ஜிஜா டீச்சர் போட்ட கோடு

என் மனைவி ஜிஜாவைப் பற்றி எழுத வேறு யாரும் வரப்போவதில்லை. அவள் பேப்பரில் படம் வருகிற ஆள் அல்ல. அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் சஜு. கேரளத்தின் தெற்கெல்லையில், அமரவிளையில் பழைய செக்போஸ்ட் தாண்டியதும் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஜிஜா பாறசாலைப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் வழி ஐந்தாம் வகுப்பு டீச்சர். கடையில் எரிந்த மோட்டாரைப் பார்க்கும்போது எனக்கு அவள் ஞாபகம் வரும் என்று ஒருமுறை சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சோறு நானே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவள் பிறந்தது ஒற்றசேகரமங்கலத்தில். அப்பா செல்லையன் ரப்பர் பால் வெட்டுகிறவர், சர்ச்சில் பாட்டுக்குழுவில் முன்வரிசைக்காரர். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். எந்த வார்த்தை எதில் வந்தது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஜிஜா தமிழ் வழியில் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, தமிழ் வழி வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு வருஷக்கணக்கில் உத்தரவுக்குக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் கட்டினேன் என்று இன்றும் விருந்தாளிகளிடம் சொல்வாள்.

அவளுக்குப் பொறுமை கிடையாது. பிள்ளைகளிடம் மட்டும் எங்கிருந்தோ அது வந்துவிடும். மலையாளத்தில் எழுதித் தமிழாக்கிய பாடப்புத்தகங்களைப் பார்த்தால் பல்லைக் கடிப்பாள். சிவப்புப் பேனாவை எடுத்து வாக்கியம் வாக்கியமாக வெட்டுவாள். பாடப்புத்தகத்துக்கே மார்க் போடுகிற டீச்சரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் மாநிலத்தில் க்ளஸ்டர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூடி, வரப்போகும் பாடங்களை எப்படி நடத்தலாம் என்று பேசித் திட்டமிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேச்சு முழுக்க மலையாளத்தில், மலையாள வகுப்புகளை மனதில் வைத்து நடக்கும். தமிழ் வழி டீச்சர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, வடையும் சாயாவும் சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டு வரவேண்டியதுதான். ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ் வகுப்புக்கு ஒரே டீச்சர். பாடம் புரியாவிட்டால் சுவரிடம்தான் கேட்கவேண்டும்.

ஜிஜாவுக்கு அது பொறுக்கவில்லை. தன் பள்ளியையும் சேர்த்து நான்கு பள்ளிகளின் தமிழ் வழி டீச்சர்களைப் பிடித்து, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூட வைத்தாள். அரசு உத்தரவு எதுவும் இல்லாத கூட்டம். சாயா போடுவது நான். அதனால் அங்கே பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். சதாசிவன் சார் மூத்தவர். அடுத்த வருஷம் ஹெட்மாஸ்டர் ஆகவேண்டியவர், அதனால் சட்டைக் காலரைக்கூட ஜாக்கிரதையாக வைத்திருப்பவர். லேகா டீச்சர் சிரித்துக்கொண்டே வருவார், யோசனைகள் அவரிடம்தான் அதிகம். தன்யா சின்னப் பெண், தினக்கூலிக்கு எடுத்திருந்த டீச்சர். நாளைக்கு வரவேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவ்வளவுதான்.

ஜிஜா ஒரே ஒரு சட்டம் வைத்தாள். “ஜெயிச்ச கதைய க்ளஸ்டர்ல சொல்லிக்கிடலாம். இஞ்ச வந்தா வகுப்புல எது தோத்துதுன்னு ஆக்கும் முதல்ல சொல்லணும்.” முதல் மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. மூவரும் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார்கள். கடைசியில் சதாசிவன் சார், பின்னம் சொல்லித் தருவதற்காகத் தோசையை வெட்டப் போய், எத்தனையில் எத்தனை என்று தனக்கே குழம்பிய கதையைச் சொன்னார். தன்யா சிரித்த சிரிப்பில் எல்லோருக்கும் கூச்சம் போயிற்று. அதன் பிறகு அந்த மூன்று மணி நேரம் அவர்களுக்குப் பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. நால்வரும் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு முந்தின வாரம் நால்வரும் அதையே நடத்துவார்கள். ஞாபகம் சூடாக இருக்கும்போது வந்து, எங்கே சறுக்கியது என்று பேசுவார்கள். ஜிஜா அந்த நாட்களில் வீட்டில்கூட பாட்டு முணுமுணுத்தாள். நான் அதைக் கெடுக்காமல் பாத்திரம் கழுவினேன்.

அரசு மக்களுக்குச் செய்யும் சேவைகளைப் பற்றி ஒரு பாடம் வந்தது. புத்தகத்தில் எங்கோ மலையோரத்துப் பிள்ளை ஒருத்தி வில்லேஜ் ஆபீசுக்குப் போகிறாள். நம் பிள்ளைகளுக்கு இது ஒட்டாது என்றார் லேகா டீச்சர். நம் பிள்ளைகளின் வாழ்க்கை எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் கிடக்கிறது. வீடு இங்கே, மாமா வீடு அங்கே. ஆஸ்பத்திரிக்கு இங்கே, கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க அங்கே. அதையே பாடமாக்கினால் என்ன என்று கேட்டார்.

விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு நீளக் கோடு. ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. டீச்சர் ஒன்றைச் சொன்னதும், அது தங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து கிடைக்கிறதோ அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓடவேண்டும். பிறகு உட்கார்ந்து ஏன் அப்படி என்று பேசவேண்டும். ஆஸ்பத்திரி, பஸ், கோயில், சர்ச், ஓட்டு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

“ரேஷன் அரிசி?” என்றார் சதாசிவன் சார். “பாடமே அதுதானே.”

“அது கொள்ளாம், நல்ல கேள்வி” என்றாள் ஜிஜா. நான்கு பேரும் தலையாட்டினார்கள். சாயாத் தட்டோடு நின்ற எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இத்தனைக்கும் நாங்கள் எல்லோரும் இந்த எல்லையில் பிறந்து வளர்ந்தவர்கள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பெண்களில் பலருக்கு அந்தப் பக்கத்துப் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயர் வெட்டாமல் கிடக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாருக்கும் அது ஒரு தவறாகத் தெரிவதில்லை. வெளியூர் டீச்சர் ஒருத்தி அந்த அறையில் இருந்திருந்தால், அது என்ன என்று கேட்டிருப்பாள்.

ஜிஜா அந்த விளையாட்டை ஒரு வியாழக்கிழமை நடத்தினாள். அன்று வகுப்புப் பெற்றோர் கூட்டம் இருந்தது. வந்தவர்கள் பார்க்கட்டும் என்று மைதானத்துக்கே அழைத்துப் போய்விட்டாள். தமிழ் வகுப்பு என்றால் மட்டம் என்று நினைத்துப் பிள்ளைகளை இங்கிலீஷ் வழிக்கு மாற்றும் பெற்றோர்கள், தங்கள் பிள்ளை ஓடுவதையும் பேசுவதையும் பார்க்கவேண்டும் என்பது அவள் ஆசை. பிள்ளைகள் பறந்தார்கள். ஆஸ்பத்திரி என்றதும் ஒரு பக்கம், பஸ் என்றதும் மறுபக்கம். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

“ரேஷன் அரிசி!” என்றாள்.

எல்லோரும் கேரளத்துக்கு ஓடினார்கள். அஸ்வந்த் மட்டும் ஓடவில்லை. செங்கல் என்கிற ஊரிலிருந்து வருகிற பையன். அப்பா ஷிபு லோடு ஏற்றும் வேலைக்காரர். அவன் ஒரு நிமிஷம் யோசித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக அகட்டி நின்றான். சரியான விடையைக் கண்டுபிடித்த பெருமையோடு டீச்சரைப் பார்த்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள்.

ராத்திரிக்குள் அது ஊரிலுள்ள எல்லா வாட்ஸாப்பிலும் சுற்றியது. ‘ரெண்டு சர்க்கார் அரிசி தின்னுகிற குடும்பம், பிள்ளையே சாட்சி’ என்று கீழே ஒரு வரி. எழுதியவன் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவன் வீட்டு மோட்டார் இந்த ஜென்மத்தில் ஓடாது. மறுநாள் ரேஷனைக் கவனிக்கிற சப்ளை ஆபீசுக்குப் புகார் போனது. கல்வி ஆபீசுக்கு இன்னொரு புகார்: பிள்ளைகளை வைத்துக் குடும்ப ரகசியத்தைக் கிளறும் டீச்சர். புதன்கிழமை இரண்டு ஆபீசிலிருந்தும் ஆள் வருவார்கள், பையனையும் டீச்சரையும் கேட்பார்கள் என்று ஹெட்மாஸ்டர் வேதமாணிக்கம் சார் போனில் சொன்னார். ஜிஜா போனை வைத்துவிட்டு அடுக்களையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு மெமோ தந்தா தரட்டும். அந்த வீட்டு கார்டு போச்சுன்னா அவிய என்ன செய்வாவ? மத்த பிள்ளைய அம்மையளும் பயந்து டிசி வாங்கிட்டுப் போவாவ. என் கிளாஸே இருக்காது.”

அடுத்த நாள் இரண்டாம் சனிக்கிழமை. மூவரும் வந்தார்கள். ஆனால் யாரும் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைக்கவில்லை, சீக்கிரம் போகிறவர்கள் மாதிரி. நான் சாயா போடப் போனேன். பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

சதாசிவன் சார்தான் ஆரம்பித்தார். “டீச்சரே, இந்தக் கூட்டத்துக்கு ஆர்டர் ஒண்ணும் கிடையாதில்லையா. நாலு ஸ்கூல் ஆளு சேர்ந்து பிளான் பண்ணினதுன்னு சொன்னா நாலு பேருக்கும் மெமோ வரும். தன்யாவுக்கு வேலையே போவும்.”

“உங்களுக்கு ஹெச்.எம். போஸ்டும் போவும்” என்றாள் ஜிஜா.

“அதும் உண்டு” என்றார் அவர், மறைக்காமல்.

தன்யா மடியில் கையை வைத்துக்கொண்டு, “நாம சேர்ந்துதானே டீச்சர் எழுதுனோம், நானும் சொல்லுகேன்” என்றாள். ஜிஜா அவள் கையைப் பிடித்து, நீ சொல்லாண்டாம் என்றாள். பிறகு லேகா டீச்சரைப் பார்த்தாள். எப்போதும் முதலில் பேசுகிற லேகா டீச்சர் அன்று வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

“லேகா, நீ திங்களாழ்ச்சையே நடத்துனியே. உன் கிளாஸ்ல என்ன ஆச்சு?”

லேகா டீச்சர் அழ ஆரம்பித்தார். திங்கட்கிழமை அவர் வகுப்பிலும் ஒரு பெண் பிள்ளை, எங்களுக்கு ரெண்டு இடத்துலயும் உண்டு டீச்சர் என்று சொல்லியிருக்கிறாள். அவர் சட்டென்று பேச்சை மாற்றி, ஓட்டுக்குப் போய்விட்டார். பெற்றோர் யாரும் இல்லாததால் அது அத்தோடு போயிற்று.

“நீ எனக்கு ஒரு போன் பண்ணப்படாதா?” என்றாள் ஜிஜா. அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“தோத்தத சனியாழ்ச்சை ஆக்கும் சொல்லணும்னு வச்சிருந்தேன் டீச்சர். குறிச்சும் வச்சிருந்தேன்.”

லேகா டீச்சர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் சட்டப்படிதான் நடந்தார். நான்கு பேர் நம்பிக்கையோடு கட்டிய ஒன்று, கட்டிய விதத்தாலேயே ஒரு பிள்ளையின் தலையில் விழுந்துவிட்டது.

போகும்போது சதாசிவன் சார் வாசலில் நின்று, “அந்தக் கொச்சன் அஸ்வந்த் சும்மா விளையாட்டுக்கு நின்னேன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் தீரும். ஆபீஸ்காரனுக்கும் அந்தப் பக்கத்துக் கணக்கை தோண்ட ஆசை கிடையாது” என்றார்.

“பிள்ளைகிட்ட பொய் சொல்லுன்னு சொல்ல எனக்கு மேலாது சார்” என்று ஜிஜா கதவைச் சாத்தினாள். நியாயமாக அவர் செருப்பை மாட்டும் வரையாவது காத்திருக்கலாம். அவள் காத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் ஸ்கூட்டரில் செங்கலுக்குப் போனோம். ஷிபுவின் வீடு கோயிலுக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் வழியில் இருந்தது. அஸ்வந்தின் அம்மா உள்ளேயே நின்றாள். ஷிபு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதை எங்களுக்குத் தாங்கவில்லை. ஜிஜா உட்காராமலே பேசினாள்.

“தப்பு என்மேல ஆக்கும் ஷிபு. யோசிக்காம கேட்டுப்போட்டேன். நான்தான் கேட்டேன்னு புதனாழ்ச்சை சொல்லுவேன். பையன ஒண்ணும் திட்டாதுங்க.”

“திட்டல டீச்சர்” என்றார் ஷிபு. உள்ளே நின்ற மனைவியைக் கண்ணால் காட்டினார். “அவ பேர அவ அம்மை வீட்டு கார்டுல வெட்டணும் வெட்டணும்னு இருந்தோம். நடக்கல. இனி நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நீங்க கேட்டேன்னு சொன்னா, அவன் நின்னது நெசம்னு ஆவும்.”

அஸ்வந்த் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜிஜா கூப்பிட்டாள், வரவில்லை. எலே, டீச்சர் விளிக்காவ, போ என்றார் அப்பா. அப்போதும் அவன் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஜிஜா என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். நான் ஏதாவது கிண்டல் செய்து பார்க்கலாம் என்று யோசித்தேன். பிறகு குழி பார்த்து ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினேன்.

புதன்கிழமை நானும் பள்ளியில் இருந்தேன். அங்கே கிணற்று மோட்டார் முந்தின வாரமே நின்றுபோயிருந்தது. அதைக் கழற்றுகிற சாக்கில், ஆபீஸ் அறை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வேதமாணிக்கம் சார், வந்திருந்த இரண்டு அதிகாரிகள், ஷிபு, அஸ்வந்த், ஜிஜா. காலையில் புறப்படும்போது ஜிஜா ஒரு முடிவும் சொல்லவில்லை. கேட்டதற்கு, “தெய்வத்துக்குத்தான் தெரியும்” என்றாள். உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பத்தின் கார்டு போகும். சொல்லாவிட்டால் அவள் தன் வகுப்பில் தினமும் பிள்ளைகளிடம் கேட்கிற ஒன்றை அவளே செய்யாதவள் ஆவாள். நான்கு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கல்வி ஆபீஸ் அதிகாரி நல்ல மனுஷர். பையனை அருகில் அழைத்துத் தோளில் கை வைத்து, “மோன் பேடிக்கண்டா. உள்ளது பறஞ்ஞா மதி” என்றார். பயப்படாதே, நடந்ததைச் சொன்னால் போதும் என்று.

அஸ்வந்த் அழவில்லை, தடுமாறவில்லை. மைதானத்தில் வைத்து யோசித்த மாதிரி யோசிக்கவும் இல்லை.

“டீச்சர் அப்பம் கேட்டது கோயிலாக்கும் சார். எங்களுக்கு இஞ்சயும் கோயில் உண்டு, அம்மை வீட்டுலயும் குடும்பக் கோயில் உண்டு. அதாக்கும் ரெண்டு பக்கமும் காலு வச்சேன். அரிசின்னு கேட்டப்பம் நான் இந்தப் பக்கம் ஆக்கும் ஓடினேன்.”

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான பொய். விளையாட்டில் கேட்டவை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்து, அதிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுத்து, காரணத்தோடு சொல்லிவிட்டான். அப்பா எவ்வளவு சொல்லித் தந்தாரோ, அவன் எவ்வளவு சேர்த்தானோ தெரியாது. வீடியோவில் சிரிப்புச் சத்தம்தான் இருக்கிறது, டீச்சரின் கேள்வி காதில் விழாது. ஷிபு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஜிஜா பக்கம் திரும்பினார். “டீச்சரே, அங்ஙனெத்தன்னே ஆணோ?”

அப்படித்தானா என்ற கேள்வி. அறையில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் ஷிபுவைப் பார்த்தாள். பிறகு பையனைப் பார்த்தாள்.

“ஆமா சார்” என்றாள். “கோயில்னுதான் கேட்டேன்.”

இரண்டு அதிகாரிகளுக்கும் அதுவே போதுமாக இருந்தது. எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், சாயா குடித்தார்கள். ஷிபு ஜிஜாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். வேதமாணிக்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சதாசிவன் சாரிடமிருந்து அதற்குள் ஜிஜாவுக்குப் போன் வந்தது, அவள் எடுக்கவில்லை. எல்லோரும் தப்பித்தார்கள். கார்டு தப்பியது, வகுப்பு தப்பியது, ஹெட்மாஸ்டர் பதவியும் தினக்கூலி வேலையும் தப்பின. நானும் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

ஜிஜா வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எண்ணெய்க் கையோடு அவளிடம் போகலாமா என்று தயங்கினேன். அதற்குள் அஸ்வந்த் பின்னாலேயே வந்தான். ஞாயிற்றுக்கிழமை கிட்டே வராத பையன், இப்போது அவள் சேலையைத் தொடும் தூரத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். கரும்பலகையில் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிற பிள்ளையின் முகம் அது.

“நான் சொன்னது சரியா டீச்சர்?”

ஜிஜா குனிந்து அவன் தலையில் கை வைத்தாள். அவள் உதடு துடித்தது எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன்.

“சரி மக்கா” என்றாள். “நல்லா சொன்னே.”